நான்கு காலித் தோட்டாக்கள்

என் மேசையில் பேனா டப்பாவுக்குப் பக்கத்தில் நான்கு பித்தளைக் கூடுகள் நிற்கின்றன. சுண்டுவிரல் உயரம்கூட இல்லாதவை. மேலே போகப் போகக் குறுகிக் கழுத்து மாதிரி முடிகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, உதட்டுச்சாய மூடியா என்று கேட்கிறார்கள். ஒருவர் மூக்குப்பொடி டப்பா என்று முடிவே கட்டிவிட்டார். சுட்டு முடித்த தோட்டாவின் வெறும் கூடு என்று சொன்னால் சட்டென்று கீழே வைத்துவிடுகிறார்கள். அவற்றைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது, அதில் முக்கால் பங்கு என் மீதே.

தஞ்சாவூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் பதினெட்டு வருடம் விற்பனையாளராக இருந்தேன். துப்பாக்கிக் கடை என்றதும் சினிமாவில் வருவது போல் எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வயலுக்குக் காவல் இருப்பவர்களுக்குக் கரிமருந்து, பண்ணையார் வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்குப் பெரிய தோட்டா, அவ்வளவுதான் வியாபாரம். கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் மட்டும் ஒரு பச்சை அட்டைப் பெட்டி இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. சின்ன ரைபிளுக்கான தோட்டா. அரிசி மூட்டையைச் சுமக்கிற ஆள் பூக்கூடையைத் தூக்கினால் எப்படி ஓடுவான்? அப்படி, துளி ஈயத்துக்குப் பின்னால் அளவுக்கு மீறிய மருந்து வைத்து அடைத்தது. நரி, முயல் போன்ற சின்ன விலங்குகளைத் தூரத்திலிருந்து சுடுவதற்காக வெள்ளைக்காரன் செய்தது. ஹார்னெட் என்று பெட்டியில் போட்டிருக்கும். நாங்கள் குளவி என்போம். இறக்குமதி நின்று பல வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு பெட்டிதான் மிச்சம்.

அதைக் கேட்டு வருகிறவர் ஒரே ஒருவர், திருக்காட்டுப்பள்ளி பக்கத்து ராத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்; முதலாளி அப்படிக் கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய மாமனார் மலேயாவில் கடை வைத்திருந்த காலத்தில் முறையான காகிதங்களோடு கப்பலில் கொண்டுவந்த ரைபிள் அவர்கள் வீட்டில் இருந்தது. மாமனாருக்குப் பிறகு லைசென்ஸ் அவர் மகன், அதாவது ராத்தாவின் கணவர் பெயருக்கு மாறியது. கணவரோ துபாயில். கொள்ளிடக் கரையோரம் இருந்த பத்து மா நிலத்தை ராத்தாதான் பார்த்துக்கொண்டார். நெல் பால் பிடிக்கிற சமயம் பார்த்து ஆற்றுப் படுகை நாணல் காட்டிலிருந்து பன்றிகள் இறங்கிவிடும். பன்றி என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'அதுங்க' என்பார்.

"வெடி போட்டோம், தகர டின்னு தட்டினோம். எல்லாத்துக்கும் பழகிருச்சு தம்பி. இந்தச் சின்னத் தோட்டா சத்தத்துக்கு மட்டும்தான் பயப்படுதுங்க. சாட்டையால வானத்தக் கிழிச்ச மாதிரி கேக்கும். ஒண்ணு சுட்டா பத்து நாளைக்கு வராதுங்க. நான் அதுங்க மேல சுடல, கரை மண்ணுலதான் சுடுறேன்."

"ராத்தா, நீங்க சுடுறீங்கங்கிறத எங்கிட்டச் சொல்லாதீங்க" என்பேன்.

"சரி, நான் சொல்லல. நீங்க குடுங்க."

கொடுக்க முடியாது. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் தோட்டா கொடுக்க வேண்டும். பழைய காலிக் கூடுகளைக் காட்டினால்தான் புதியது. இது சட்டம். நான் சட்டத்தை வரிக்கு வரி படித்த ஆள், அதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. உரிமையாளர் சார்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் பெயரைச் சேர்க்கலாம் என்று ராத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

மச்சான் என்று அவர் சொல்லும் அந்தக் கணவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வயல் காய்ந்து கிடக்கும் சித்திரை வைகாசியில்தான் விடுப்பில் வருவார். வந்ததும் மனைவி பெயரைச் சேர்க்க மனு கொடுத்தார். மனுவோடு லைசென்ஸ் புத்தகத்தையும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆகவே, தோட்டா வாங்கத் தகுதியான ஆள் ஊரில் இருந்த நாட்களில் புத்தகம் கையில் இல்லை. விசாரணைக்கு ஆள் வந்தபோது அவர் விமானம் ஏறியிருந்தார். 'மனுதாரர் ஊரில் இல்லை' என்று எழுதிக் கோப்பு திரும்பி வந்தது. இரண்டு வருடம் கழித்து மறுபடியும் அதே மனு, அதே ஓட்டம். விசாரிக்க வந்தவர், "பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று கேட்டாராம். "அதுங்க வந்தா ஆம்பளையா பொம்பளையான்னு பாக்குறதில்லீங்களே" என்றாராம் ராத்தா. அந்தப் பதிலுக்காகவே கோப்பு இன்னும் சில மாதம் தூங்கியிருக்கும் என்பது என் கணக்கு.

அந்த வருடங்களில் நாடு திறந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கீழவாசலில் கொரியா டிவி, ஜப்பான் மிக்சி, வெளிநாட்டுக் குளிர்பானம் எல்லாம் வந்து இறங்கின. ராத்தாவின் அதிராம்பட்டினத்து உறவுகள் துபாயிலிருந்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கொண்டுவந்து தள்ளினார்கள். ராத்தா வீட்டில் வெளிநாட்டு சோப்பே ஒரு அலமாரி நிறைய இருந்ததாம். வயலுக்குத் தேவையான அந்த ஒரு துளி ஈயத்துக்கு மட்டும் எந்தக் கதவும் திறக்கவில்லை. வீட்டில் பழைய தோட்டா நான்குதான் இருந்தது. ஒரு சம்பாவுக்கு ஒன்று என்று நான்கு வருடம் ஓட்டினார். பத்து நாள் நிம்மதி, அதன்பின் விடிந்தால் எத்தனை குழி நெல்லைப் பன்றிகள் உழப்பியிருக்கின்றன என்று போய்ப் பார்ப்பது. நிலத்தை விற்றுவிட்டு வந்துவிடு என்று மச்சான் ஒவ்வொரு போனிலும் சொல்வாராம். அந்தப் பத்து மாவில் நெல்லை நிறுத்தமாட்டேன் என்பதுதான் ராத்தாவின் பிடிவாதம்.

நான்காவது தோட்டாவும் தீர்ந்த தை மாதம் கடைக்கு வந்தார். கோப்பு கடைசி மேசைக்குப் போய்விட்டது, கையெழுத்துதான் பாக்கி, ரெண்டே ரெண்டு குடுங்க தம்பி என்றார். நான் வழக்கம்போல் சட்டத்தை ஒப்பித்தேன். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் ராத்தா கேட்டுவிட்டார்: "சட்டம் உங்க வீட்டு நெல்லயா தம்பி திங்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது காரில் ஒரு காண்டிராக்டர் வந்தார். புது லைசென்ஸ், யாரோ ஒரு ஜமீன் வாரிசிடம் வாங்கிய பழைய ரைபிள், மடிப்புக் கலையாத காகிதங்கள். பச்சைப் பெட்டியைப் பார்த்து, "அது அப்படியே வேணும்" என்றார். சரக்கு இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாதா? பழகிய வாடிக்கைக்காரர்களுக்காக எத்தனை முறை மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு கையை விரித்திருக்கிறேன்! அன்று விரிக்கவில்லை. காகிதம் சரியாக இருக்கிறது, கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பெட்டியை எடுத்துக் கொடுத்தபோது என் காதில் அந்த நாலு பேரின் சிரிப்புத்தான் இருந்தது. அதை இன்று மறைத்து என்ன ஆகப்போகிறது.

மூன்று வாரம் கழித்து ராத்தா வந்தார். நடையே வேறு மாதிரி இருந்தது. லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்துத் தன் புகைப்படம் ஒட்டிய பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து நான்கு கூடுகளை எடுத்துக் கண்ணாடி மேல் வரிசையாக நிறுத்தினார். புளி போட்டுத் தேய்த்திருப்பார் போல, பளபளவென்று இருந்தன.

"இப்பக் குடுப்பீங்கள்ல?"

"சரக்கு இல்ல ராத்தா."

"எப்ப வரும்?"

"இனிமே வராது."

அவர் மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தார். பெட்டி இருந்த இடத்தில் தூசு படியாத ஒரு சதுரம் தெரிந்தது. "இங்க ஒரு பச்சைப் பெட்டி இருந்துச்சே? நான் வர்றப்பல்லாம் பாத்துட்டுத்தான போவேன்."

"வித்துட்டேன். லைசென்ஸ் வச்சிருந்த ஆளுக்கு."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் குரலில் கேட்டார்: "அவரு என்ன பயிரு வச்சிருக்காரு?"

நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் பயிருக்கு ஏது கட்டம்? நிமிர்ந்தபோது ராத்தா படியிறங்கிக்கொண்டிருந்தார். கூடுகளை எடுக்கவில்லை.

பின்னர் முதலாளி கடையை மூடியபோது நான் எடுத்துக்கொண்டு வந்தவை அந்த நான்கும்தான். எங்கெங்கோ எழுதிக் கேட்டேன், திருச்சி, மதுரை, சென்னை வரை. எங்கும் இல்லை. அந்தக் காண்டிராக்டரைத் தேடிப்போய்க்கூடக் கேட்டேன். "அதுவா? ஒரு தோப்புல பாட்டில அடுக்கி வச்சுச் சுட்டுப் பழகினோம், தீந்துபோச்சு" என்றார்.

சமீபத்தில் ஒரு தேர்தல் முடிந்த சமயம், உறவினர் வீட்டு விசேஷத்துக்காகத் திருக்காட்டுப்பள்ளி போயிருந்தேன். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப எடுத்துப்போக வேண்டும். பேருந்து நிலையத்தில் நீளமான போர்வை மூட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு வயதான அம்மா நின்றார். நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். "இன்னுமா ராத்தா இத வச்சிருக்கீங்க? தோட்டாவே கிடையாதே" என்றேன்.

"ஆமா. தோட்டா இல்லாட்டியும் எலக்சனுக்கு எலக்சன் கொண்டாந்து வைக்கணும்ல, சட்டம்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. வயல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சவுக்கு போட்டுட்டோம். அதுங்க திங்காது."

பேருந்து வந்தது. மூட்டையை நான் வாங்கிப் பிடித்துக்கொள்ள, அவர் கம்பியைப் பற்றி ஏறினார். ரைபிள் வெறும் இரும்பாகக் கனத்தது. ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி மடியில் கிடத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அன்னைக்குக் கேட்டனே, நீங்க சொல்லவேயில்லையே. அவரு என்ன பயிருதான் வச்சிருந்தாரு?"

கண்டக்டர் விசில் ஊதினார், பேருந்து நகர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இந்த நான்கையும் உள்ளே எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன். கையில் எடுத்தேன், மறுபடியும் மேசையிலேயே நிறுத்திவிட்டேன்.