பாதி பாட்டில் கால்சியம்

ஃபிரிட்ஜில் ஊற்றும் பழைய கேஸ் வானத்தை ஓட்டை போடுகிறது என்று உலகமே கூப்பாடு போட்ட தொண்ணூறுகளின் தொடக்கம். சேலத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் அதற்கு மாற்று செய்கிறோம் என்று நாங்கள் நாலு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு கார்பனில் மூன்று ஃபுளோரின், பக்கத்துக் கார்பனில் ஒன்றே ஒன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முதல் மூன்றும் சமர்த்தாகப் போய் உட்காரும். அந்த நாலாவது இருக்கிறதே, சனியன், போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகவே போகாது. சூட்டைக் கூட்டினால் வேண்டாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதோடு மாரடித்தே என் வயசு போனது.

எங்களுக்கு ஃபுளோரினைக் கொடுத்தது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். மற்ற அமிலம் பட்டால் உடனே சுடும், கழுவிவிடலாம். இது நீர்த்திருந்தால் பட்டதே தெரியாது. தோலுக்குள் இறங்கி, சத்தமில்லாமல் இருந்து, உடம்பில் கால்சியம் எங்கே என்று தேடிப் போய்ப் பிடிக்கும். வெளியிலிருந்து கால்சியம் கொடுத்தால்தான் எலும்பை விடும். நான் தலைகீழாக நின்றும் பாத்திரத்தில் இடம் பார்த்துப் போகாத சனியன், உடம்புக்குள் அவ்வளவு துல்லியமாகப் போகும்.

அந்தச் சனிக்கிழமை பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு ஏற்காடு பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். வாரக்கடைசியில் நான் மேலே போவது வழக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வலது கையில் மூன்று விரல்களின் நகத்துக்கடியில் குத்த ஆரம்பித்தது. ஏற்காடு டவுனில் இறங்கும்போது அந்த மூன்று விரல்களையும் சுத்தியலால் நசுக்குவதுபோல இருந்தது. அப்போதுதான் உறைத்தது. கையுறையில் எங்கேயோ ஊசி முனை அளவு ஓட்டை இருந்திருக்கிறது.

ஸ்டாண்டில் காத்திருந்த வீட்டுக்காரர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமே காணோமே?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "எலும்பு வெந்துக்கிட்டிருக்கு! கால்சியம் வேணும்!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் லீவு. "கால்சிய ஊசி தீந்து போச்சுங்க, சேலத்துக்குப் போயிருங்க" என்றாள் நர்ஸ். எப்படிப் போவது? எங்கள் பஸ் மேலே வந்து சேர்ந்ததும் பிடித்த மழையில் பாறை சரிந்து மலைப்பாதை அடைத்துக்கொண்டது. கீழே இறங்க இருந்த இன்னொரு பாதையான குப்பனூர் வழியில் மரம் விழுந்து கிடந்தது. விரலை வெட்டிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பொய்யில்லை.

வீட்டுக்காரருக்குத் திடீரென்று எஸ்டேட் மாட்டின் ஞாபகம் வந்தது. கன்று போட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது அதற்குக் கால்சியம்தான் ஏற்றினார்கள். பைக்கில் மாட்டாஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

அங்கே கம்பவுண்டர் ஒரு கால்சியம் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளக்கடை என்ற மலைக்கிராமத்துக்காரி ஒருத்தி, தலையில் சாக்கு, மழையில் தொப்பலாக நனைந்து நின்றாள். முந்தின நாள் கன்று போட்ட அவள் மாடு காலையிலிருந்து விழுந்து கிடந்தது. இருந்தது அந்த ஒரே பாட்டில்தான்.

"பாதி குடுங்க, காலில விழறேன்" என்றேன்.

"பாதி மாட்டுக்குப் பத்துமான்னு சொல்ல முடியாதுங்க" என்றார் கம்பவுண்டர். ஈடு கட்டுவதாக என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்ற என்னைத்தான் பார்த்தாள்.

"என்ன வேலைங்க, கண்ணு, இப்படிப் பண்ணுது?"

"ஃபிரிட்ஜுக்கு ஊத்தற கேஸ் பண்றோம்ங்க."

"எங்கூட்ல கரண்டே இல்லீங்களே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். பிறகு கம்பவுண்டரிடம், "ஊத்துங்க பாதி. சீக்கிரம் ஊத்துங்க, மாடு கெடக்குது" என்றாள்.

மாட்டுக்குச் சினை பார்க்கப் போடும், தோள்வரை நீண்ட பிளாஸ்டிக் உறையில் அதை ஊற்றிக் கையை விட்டேன். அவர்கள் மீதியோடு மழையில் ஓடினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நொடிக்கு நொடி உயிர் போய் உயிர் வந்தது. இருட்டுக் கட்டும்போது வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

பாதை திறந்ததும் சேலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். நகம் மூன்றும் விழுந்துவிடும், எலும்பு தப்பித்தது என்றார்கள்.

அடுத்த வாரம் கட்டோடு வெள்ளக்கடைக்குப் போய் விசாரித்து அவள் வீட்டு வாசலில் நின்றேன். தொழுவம் காலியாக இருந்தது. கன்றுக்குட்டி மட்டும் கொட்டாங்குச்சியை நக்கிக்கொண்டிருந்தது.

"மாடு?" என்றேன்.

"எந்திரிக்கலீங்க, கண்ணு" என்றாள். "முழுசாப் போட்டிருந்தாலும் என்ன ஆயிருக்குமோ, யாரு கண்டா." என் கையை இழுத்து, கட்டுக்கு மேலேயே விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். "மூணும் இருக்குதா?"

"இருக்குங்க."

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"அப்பறம் ஏங்கண்ணு அழுவற?" என்றாள்.