நாற்பத்தோராவது நிமிடத்தில் நின்ற கச்சேரி

கச்சேரிப் பதிவுகளைக் கேட்டு ஒரு சிறு பத்திரிகைக்கு மதிப்புரை எழுதுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற ஆறு நாளும் சேலத்தில், இன்வெர்ட்டர் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். இரண்டுக்கும் என் குறிப்பேடு ஒன்றுதான். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் அந்த நேரத்தில் என்ன கேட்டது. என்ன நினைத்தேன் என்பதைக் கடைசியில்தான் எழுதுவேன். பட்டியல் முடியும்வரை கருத்துக்கு இடம் தருவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். இந்த ஒரு பதிவில் அது நடக்கவில்லை. பட்டியல் தொடங்குமுன்பே எனக்கு ஒரு கருத்து இருந்தது. அந்தக் கருத்துக்கு அப்போது ஐந்து வயது.

மாசி மாதம் திருச்செங்கோட்டிலிருந்து என் தோழி ஒரு இணைப்பை அனுப்பினாள். ஐந்து வருடத்துக்கு முன் அவள் பாடிய பங்க் ராக் கச்சேரி. கூட்டத்தில் யாரோ யாரையும் கேட்காமல் போனில் பதிவு செய்து, இத்தனை நாள் வைத்திருந்து, இப்போது இணையத்தில் போட்டுவிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த தலைப்பு: 'அப்பா பியூஸ் புடுங்கிய கச்சேரி.'

"எழுதறதுன்னா முழுசா எழுதோணும்" என்று அவள் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அவுரு நிறுத்துனதையும் எழுது. அதையச் சொல்லாம உட்டீன்னா நீ என்னத்த விமர்சகி?"

அவுரு என்றால் அவளுடைய அப்பா. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் வைத்திருப்பவர். அந்தக் கச்சேரி நடந்தது அவர் லாரிகளை நிறுத்தும் பட்டியில்தான். அன்றைக்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்வதில்லை. நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அவர் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பார். இவள் அம்மாவிடம், "சாப்பாடு ஆச்சான்னு கேளுங்கம்மா" என்பாள். அவர் அங்கிருந்தே அம்மாவிடம் பதில் சொல்வார். அம்மா அதைத் திருப்பிச் சொல்லமாட்டார், எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

நாங்கள் இருவரும் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரே பொறியியல் கல்லூரியில் படித்தோம். அவள் கிட்டார் வாசித்துக்கொண்டு பாடுவாள். இன்னொரு பெண் பேஸ், ஒரு பையன் டிரம்ஸ். நான் மிக்ஸர் முன்னால் நிற்பேன். எல்லாப் பாட்டும் அவளே எழுதியவை, கல்லூரி பஸ்ஸில் பெண்கள் முன்னால் பையன்கள் பின்னால் உட்காருவதைப் பற்றி ஒன்று, விடுதிக் கேட் பூட்டுவதைப் பற்றி ஒன்று. தொண்டை கிழியக் கத்துவாள். ஆனால் ஒவ்வொரு வரியும் 'ங்க'வில் முடியும். "பூட்டாதீங்க! பூட்டாதீங்க!" வகுப்பில் இதை வைத்து ஓட்டாத ஆளில்லை.

"திட்டும்போதுகூட மரியாதையாத் திட்டற ஒரே பங்க் நீதான் அம்மிணி."

"வாயில வருதுங்க, நா என்னங்க பண்றது?" என்பாள், இன்னும் நாலு 'ங்க' சேர்த்து.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. எங்கள் வீட்டில் அப்பாவை வா, போ என்றுதான் சொல்வோம். அவள் வீட்டில் அப்படி இல்லை. பல் முளைத்த நாளிலிருந்து அப்பாவுக்கு 'ங்க' போட்டுத்தான் பழக்கம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. கச்சேரி நின்ற நிமிடத்தில்தான் தெரிந்தது.

அன்று நடந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன். மழைக்காலம், வேலை இல்லாமல் ரிக் வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பியிருந்தன. நாங்கள் கச்சேரி வைத்த சனிக்கிழமை பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் கிடையாது. அவள் அப்பா தன் ஜெனரேட்டரைத் தந்தார். நாங்கள் வாசித்த கொட்டகைக்குப் பின்னால் தள்ளுவண்டியில் அது ஓடியது. "ஒரு மணி நேரம். அதுக்கு மேல சத்தம் ஆவாது" என்று காலையிலேயே சொல்லியிருந்தார். கடைசிப் பாட்டு வீட்டுச் சாவியைப் பற்றியது, சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று கேட்கிற பாட்டு. அது தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனார். எல்லா ஸ்பீக்கரும் செத்தன. கையெல்லாம் கறுப்பாக அவர் வெளியே வந்தார். இவள் மைக் இல்லாமல், கூடியிருந்த எல்லோர் முன்னாலும், "நிறுத்திப்போட்டயா? நீதான நிறுத்துன?" என்று கத்தினாள்.

நீ. 'ங்க' இல்லை.

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டாள்: "நீ பாத்தீல்ல?" நான் சொன்னேன்: "பின்னாடி போனதப் பாத்தேன்." நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது. ஆனாலும் அவளுக்கு அதுவே பதிலாகிவிட்டது, நானும் விட்டுவிட்டேன். அதன் பிறகு அவள் மேடை ஏறவில்லை.

பதிவை மூன்று முறை கேட்டேன். ஒலியின் தரம் மோசம். போனைக் கூட்டத்துக்குள் பிடிக்கவில்லை, கொட்டகைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டியின் மேலோ பக்கத்திலோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குரல் சுவருக்கு அப்பாலிருந்து வருகிறது. இன்ஜின் சத்தம் முன்னால் நிற்கிறது. டிரம்ஸில் மிதி டிரம் மட்டும் கேட்கிறது, மின்சாரத்தால் ஸ்பீக்கர்களில் எழும் ஊமை உறுமல் முழுக்க முழுக்க இருக்கிறது. ஆனாலும் நல்ல கச்சேரி. இரண்டாவது பாட்டில் பேஸ்காரி தப்பான இடத்தில் நுழைந்து, திரும்பாமல், எல்லோரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறாள். என் மிக்ஸிங்கில் கிட்டார் அதிகம். அதையும் குறித்துக்கொண்டேன்.

கடைசிப் பாட்டுக்கு என் குறிப்புகள் இவை:

40:20 – இன்ஜின் திணறுகிறது.
40:26 – காலடிச் சத்தம். பிறகு 'டக் டக்' என்று விடாமல். யாரோ பாட்டிலால் தட்டுகிறார்களா?
40:40 – வயதான ஆண் குரல், ரொம்பப் பக்கத்தில்: "இரு சாமி, இரு." யாரோ சாமியை வேண்டுகிறார்.
41:06 – எல்லாம் நிற்கிறது.
41:11 – அவளுடைய குரல்.

உறுமலைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டுமென்று பதிவைக் கணினியில் அதிர்வெண் படமாகத் திறந்தேன். எந்தப் பதிவுக்கும் செய்வதுதான். உறுமல் ஐம்பது ஹெர்ட்ஸில் ஒரு கோடாகத் தெரியும்; ஜெனரேட்டர் இன்ஜினின் வேகம் கூடினால் கோடு ஏறும், குறைந்தால் இறங்கும். நாற்பது நிமிடம் அந்தக் கோடு நூல் பிடித்த மாதிரி போயிருந்தது. பிறகு கீழே சரிந்தது. மறுபடி ஏறியது. சரிந்தது, ஏறியது. நான்கு முறை. ஐந்தாவது முறை சரிந்து, திரும்பி வரவில்லை.

யாராவது சுவிட்சை அணைத்திருந்தால் உறுமல் அந்த நொடியே அறுந்திருக்கும், பாரம் இறங்கிய இன்ஜின் கொஞ்சம் வேகமெடுத்துத் தனியாக ஓடியிருக்கும். இன்ஜினையே நிறுத்தியிருந்தால் ஒரே இறக்கமாக இறங்கியிருக்கும். ஏறி இறங்கி, ஏறி இறங்கிச் சாவது டீசல் கிடைக்காத இன்ஜின். இந்தக் கோட்டை நான் வேலையில், எங்கள் சோதனைப் பிரிவு ஜெனரேட்டரில், எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். கோடு மாறவில்லை. 'பின்னாடி போனதப் பாத்தேன்' என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் நிறுத்தப் போகவில்லை. அவர் போகும் முன்பே அது நிற்கத் தொடங்கியிருந்தது.

இதைப் போனில் சொல்ல முடியாது. வரைவை அச்செடுத்து, கணினியையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். சங்ககிரி தாண்டும்வரை ஒரு வாக்கியத்தை அடித்து அடித்து எழுதினேன். கடைசியில் இப்படி நின்றது: 'ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்ததால் நிகழ்ச்சி நின்றது.'

அவள் தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைப் படித்தாள்.

"யாரக் காப்பாத்தறதுக்குடி இது?"

"யாரையும் இல்ல. இந்தக் கோட்டப் பாரு."

பார்த்தாள். நான் விளக்கினேன். படத்தை நம்புகிற முகமாக அது இல்லை. ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு நாற்பதாவது நிமிடத்திலிருந்து கேட்டாள். அவள் கேட்கும்போது என் குறிப்பேடு அவள் மடியில் விரிந்திருந்தது. 40:26 வந்ததும் விரலை அந்த வரியில் வைத்தாள்.

"பாட்டிலா? லூசு. இது கைப்பம்பு."

"அப்படின்னா?"

"இன்ஜினுக்கு டீசல் ஏறாட்டி கையில அடிச்சு ஏத்தறது. ரிக்குல தெனமும் அடிப்பாங்க. இந்தச் சத்தத்துல தூங்கி எந்திரிச்சவ நானு." பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். என்னையும் ஒரு காதில் மாட்டச் சொன்னாள். 'டக் டக்' வேகமாகும்போது உறுமல் ஏறுகிறது. கை ஓயும்போது இறங்குகிறது. அந்த நாலு ஏற்றமும் அந்தக் கையால் வந்தது. அவர் இன்ஜின் பக்கத்தில் குந்தி, நாற்பது நொடி, வீட்டுச் சாவிப் பாட்டைக் கையால் ஓட்டியிருக்கிறார்.

பிறகு 40:40. "இரு சாமி, இரு."

அவள் என் குறிப்பைப் படித்தாள். சாமியை வேண்டுகிறார். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நாலு வருஷம் இந்த ஊர்ல படிச்சும் உனக்குப் புரியல பாரு. இது சாமி கும்புடறது இல்லடி. எங்கூட்ல சாமின்னா நாந்தான்."

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். நான் குறிப்பேட்டை மூடினேன். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து ஐந்து வருடமாக அவள் கேட்கவில்லை என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

அவள் எழுந்து வெளியே போனாள். பின்னால் போவதா வேண்டாமா என்று தெரியாமல் பத்தடி தள்ளிப் போனேன்.

பட்டியில் அவர் ஒரு லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். அவள் போய் நின்றாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல் வீட்டுப் பக்கம் அம்மாவைத் தேடினார்.

"அப்பா, அன்னைக்கு ஜெனரேட்டர நீங்க நிறுத்துலீங்களா?"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைக்கவில்லை. "யாரு சொன்னா?"

"ரெக்கார்டு சொல்லுதுங்க. டீசல் தீந்துருச்சுன்னு."

"தீரல" என்றார் சட்டென்று. என் பக்கம் திரும்பினார். "தீந்துச்சுன்னு எழுதிப்போடாதே அம்மிணி. காத்தால நானே குச்சி உட்டுப் பாத்தேன், பாதி டேங்க் இருந்துச்சு. மொத நாள் மழை ஈரத்துல ஒரு சக்கரம் எறங்கி வண்டி சாஞ்சு நின்னுக்கிச்சு. டீசல் அந்தப் பக்கம் ஒதுங்கிருச்சு, குழா காத்த இழுத்துருச்சு. சக்கரத்துக்கு அடில நாந்தான் கல்லு வெச்சிருக்கோணும். ரிக் ஓட்டறவன் ஊட்டு ஜெனரேட்டரு."

அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். அத்தனை பேருக்கு முன்னால் மகளின் கச்சேரியை நிறுத்திய கெட்ட அப்பாவாக இருப்பதைவிட, ஒரு கல் வைக்க மறந்த ரிக்காரனாக இருப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. அது மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

"அப்பறம் ஏனுங்க சொல்லுல?" என்றாள். "அஞ்சு வருஷமுங்க."

"நீ எங்க சாமி கேட்ட? நீயாச் சொல்லிப்போட்ட."

காலடியில் கிடந்த ஒரு போல்ட்டை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அதையே பார்த்தேன்.

"இப்பக் கேக்கறனுங்க."

அவர் கிரீஸ் கையைக் கொஞ்சம் டீசல் ஊற்றிக் கழுவினார், பிறகு சோப்புத் தூள் போட்டுக் கழுவினார். விரல் இடுக்கு ஒவ்வொன்றாக. அதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"சாப்புட்டயா?" என்றார்.

"இல்லீங்க."

"அம்மிணியவும் கூப்புடு." அவர் முன்னால் நடந்தார்.

மதிப்புரையில் இரண்டு இடங்களைத் திருத்தினேன். ஒன்று, நின்ற காரணம்: 'ஜெனரேட்டர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றதால் இன்ஜினுக்குள் காற்றுப் புகுந்தது. டீசல் இருந்தது.' இந்த இரண்டாவது வாக்கியம் அவர் கேட்டுக்கொண்டதற்காக. மற்றொன்று கடைசியில், வாசித்தவர்களின் பட்டியலில். அதை அவள்தான் சேர்க்கச் சொன்னாள். அந்தப் பத்திரிகையில் ஆட்களின் பெயர் போடாமல் எழுதினேன், இங்கேயும் அப்படியே தருகிறேன்.

குரல், கிட்டார்: மகள்.
பேஸ்: தோழி.
டிரம்ஸ்: வகுப்புத் தோழன்.
மிக்ஸிங்: இதை எழுதுபவர்.
கைப்பம்பு, 40:26 முதல் 41:06 வரை: அப்பா.