பௌதிகத்துக்குப் பதில் சரித்திரம்

முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து, ஜொகூர் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து நாங்கள் இரண்டு பேர் சிங்கப்பூரில் கல்லூரியில் சேர்ந்தோம். என் அப்பா தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. நண்பனின் அப்பா அங்கேயே பால்மரம் சீவுகிறவர். நண்பனின் படிப்புச் செலவைத் தோட்டத்துத் துரை ஏற்றுக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: எடுக்கும் மூன்று பாடங்களில் எதில் தவறினாலும் அத்தோடு உதவி நின்றுவிடும்.

ஜொகூர் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் அறை எடுத்துக்கொண்டு, தினமும் ரயிலில் கடற்பாலத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போய் வந்தோம்.

மூன்று பாடங்களையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். நாங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டோம். எது பிடிக்கும் என்று பேசியதைவிட, எந்தப் புத்தகத்தை யார் வாங்குவது என்று பேசியதுதான் அதிகம். தோட்டத்துப் பிள்ளைகளான நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான் படித்தோம். இரண்டு பேருக்கும் ஒரே பாடங்கள், நடுவில் ஒரு செட் புத்தகம். கணிதம், ரசாயனம், பௌதிகம் என்று முடிவானது. முதல் இரண்டுக்கும் அவன் எங்கோ தேடிப் பழைய புத்தகங்களைப் பிடித்துவிட்டான். பௌதிகப் புத்தகம் தடியானது, லண்டனிலிருந்து வருவது. அதை நான் வாங்குவதாகப் பேச்சு. அப்பாவும் அதற்குப் பணம் கொடுத்தார்.

பாடங்களைப் பதிவு செய்யும் நாளில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூத்த மாணவர் ஒருவர் திரும்பி, “பௌதிகமா? அலமாக்! போன வருசம் அதுலதான் எத்தனையோ பேரு கவுந்தாங்க, தம்பி” என்றார். உள்ளே போய்த் தாளை வாங்கினேன். கணிதம், ரசாயனம் எழுதினேன். மூன்றாவதாகச் சரித்திரம் என்று எழுதிவிட்டேன்.

நண்பன் வாசலில் நின்றிருந்தான்.

“எழுதிட்டியாடா? மூணும் அதேதானே?”

“ஆமா,” என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பௌதிகம் என்று எழுதிவிட்டு வந்தான். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூசுகிறது. அதைவிடக் கூசுவது இன்னொன்று. புத்தகத்துக்கு அப்பா கொடுத்த பணத்தில் நான் ஒரு கோட்டு தைத்துக்கொண்டேன். கல்லூரியில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கோட்டு போட்டிருந்தார்கள்.

முதல் பௌதிக வகுப்பில் அவன் எனக்காக முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தானாம். நான் வரவில்லை. அன்று மாலை ரயிலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன்.

“சரித்திரம் எடுத்தது உன் இஷ்டம்லா. அப்பவே சொல்லியிருந்தா நானும் வேற யோசிச்சிருப்பேன். என் மூஞ்சிய பாத்து ‘ஆமா’ன்னியே, அதான்டா,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பதிவை மாற்றும் கெடு அதற்குள் முடிந்துபோயிருந்தது.

மறுநாள் காலை நான் எழுந்தபோது ரசாயனப் புத்தகம் என் பாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அன்று அது என்னிடம் இருக்க வேண்டிய நாள். முறையை அவன் மாற்றவே இல்லை.

பௌதிகப் புத்தகம் நூலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. வெளியே கொண்டுபோக முடியாது. வகுப்பு முடிந்ததும் அங்கே உட்கார்ந்து, மாலை ரயிலுக்கு நேரமாகும்வரை அதை வரிவரியாக நோட்டில் எழுதினான். ஒரு நோட்டு தீர்ந்து இரண்டாவது வந்தது. எங்கள் சாப்பாட்டுக் கடைக்காரர் அவன் விரல் மையைப் பார்த்துவிட்டு, “என்னா தம்பி, ஒருத்தரு மை பூசிக்கிட்டு வர்றீங்க, ஒருத்தரு கோட்டு மாட்டிக்கிட்டு வர்றீங்க. ரெண்டு பேரும் ஒரே காலேஜ்தானா?” என்று கேட்டார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் பரோட்டாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து, ரயிலில் அவன் அந்த நோட்டை என் மடியில் போட்டான். பக்கத்துக்குப் பக்கம் எழுத்துக்கு நடுவே வெறும் கட்டங்கள். அவனுக்குப் படம் வரையவே வராது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கும் சேர்த்து நான்தான் வரைவேன்.

“படம் உன் வேலை. கோட்டு கைய தடுக்காதுல்ல?”

மறுநாள் முதல் நானும் நூலகத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கப்பி, லென்சு, காந்தம், மின்கலம் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத்தான் வரைவேன். பரீட்சைக்கு முன்பே கட்டங்கள் எல்லாம் நிரம்பின. அவன் மூன்று பாடங்களிலும் தேறினான். துரையின் உதவி தொடர்ந்தது. படிப்பை முடித்து அறிவியல் ஆசிரியரானான். அந்த நோட்டுகள் எங்களுக்குப் பின்னால் செடெனாக் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாணவனுக்குப் போய், அவனிடமிருந்து இன்னொருவனுக்குப் போயின.

‘மன்னித்துக்கொள்’ என்று மட்டும் நான் அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை. படங்களைப் போட்டதே போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் போய்ச் சேர்ந்து பல வருடங்களாகின்றன. போதாது என்று இப்போது தெரிகிறது.

பிறகு நானும் ஆசிரியரானேன். மாணவர்கள் எடுக்கும் பாடங்களைத் தாளில் எழுதிக்கொடுக்கும் நாளில் என் மேசைக்கு யாரையும் தனியாக வரச் சொன்னதில்லை. “வெளிய யாரு காத்திருக்கா? அவங்களயும் கூட்டிட்டு வா” என்பேன். இரண்டு பிள்ளைகள் தலையோடு தலை முட்ட ஒரே மேசையில் குனிந்து, ஒருவர் தாளை ஒருவர் பார்த்தபடி எழுதுவதைக் காணும்போதெல்லாம், அவன் விட்டுவைத்த கட்டங்களில் இன்னும் ஒன்றை நிரப்பியதுபோல என் மனம் கொஞ்சம் லேசாகும்.