கறுத்த சுக்கான் பிடி

படகின் வயிற்றில் ஒரு குவளைத் தண்ணீரை விசிறிவிட்டு, மெர்வ் டக்வொர்த் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். தண்ணீர் சீராகப் படர்ந்தால் பசை பிடிக்கும். முத்து முத்தாகத் திரண்டால் எங்கோ எண்ணெய் இருக்கிறது. உப்புத்தாளோடு மறுபடி முதலிலிருந்து.

கெட்டரிங் ஊரில் எங்கள் படகுப் பட்டறையில் இது ஏறக்குறைய ஞாயிறு ஆராதனை. துடைத்த இடத்தை யாரும் தொடக்கூடாது. இறைச்சி பப்ஸ் தின்ற எண்ணெய்க் கையோடு கிட்டே வரக்கூடாது. துணியை ஒரே திசையில்தான் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்ப்பவன் அழுக்கை ஊர் சுற்றக் கூட்டிப்போகிறவன். முதலாளியே ஒருமுறை மறந்துபோய் விரலை வைத்தார்.

"தொட்டுட்டியா ரஸ்? சந்தோஷம். இனி இந்தப் படகு உன்னைய நம்பி மிதக்கட்டும்," என்றார் மெர்வ்.

அப்பேர்ப்பட்டவரின் மேசையில் முறிந்த சுக்கான் பிடி ஒன்று வாரக்கணக்கில் கிடந்தது. அவர் மனைவி பெரிலின் சிறு பாய்ப்படகுடையது. பெரில் குளிர்காலத்தில் இறந்தாள். பின்னால் அடித்த புயலில் பிடி முறிந்தது. அதுவும் அவள் பிடித்துப் பிடித்துக் கறுத்துப்போன இடத்திலேயே. ஒட்ட வேண்டுமானால் இரு துண்டுகளையும் சாய்வாகச் சீவி, வெளிர் மரம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கறுப்பு மிஞ்சாது.

மெர்வ் காரணங்களுக்குக் குறை வைக்கவில்லை. காற்றில் ஈரம் அதிகம் என்றார். நல்ல உப்புத்தாள் வரட்டும் என்றார். நாங்களும் பட்டறைக் கூரையையே தாங்கி நிற்பவர்கள்போல் கனத்த முகத்தோடு தலையாட்டினோம்.

மகள் ரொவீனா வந்தாள். தன் சாம்பலைத் தன் படகிலேயே கொண்டுபோய்க் கடலில் விட வேண்டும் என்பது பெரில் சொல்லிவிட்டுப் போனது.

"புதுசா ஒரு பிடி செஞ்சிரலாமேப்பா."

"அது உங்கம்மா பிடிச்சது இல்லையே."

"அப்ப இதையே ஒட்டுங்க."

"ஒட்டுனா இதுவும் உங்கம்மா பிடிச்சது இல்லம்மா."



"அம்மா அலமாரியில உக்காந்திருக்காங்கப்பா. வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்து அவங்களுக்குப் பழக்கமில்ல."

அன்று மத்தியானம் மெர்வ் தேய்த்தார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் போடவில்லை. மேசையில் ஒரு காகிதம் விரித்திருந்தார். வெளுத்த மரத்தை அசிட்டோன் துணியால் ஒரே திசையில் துடைத்தார். பசை கலந்தார். அது கெட்டிப்பட மரத்தூள் சேர்ப்பது வழக்கம். சுத்தமான தூள் டப்பாவில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மெர்வ் காகிதத்தை மடித்தார். அதிலிருந்த கறுத்த தூளை, கைப்பிசுக்கும் வியர்வையுமாக, ஒரு துளி சிந்தாமல் பசைக்குள் தட்டிவிட்டு, மெல்லக் கிளறத் தொடங்கினார்.