பக்கத்து நிரையின் கொழுந்து

என் மனைவியின் தங்கை எழுதிய நாவலில், மூன்றாம் அத்தியாயம் முடியும்போது கதாநாயகனுக்கு மூடுபனியை அழைக்கத் தெரியாது. ஐந்தாம் அத்தியாயம் தொடங்கும்போது, யானைக்கூட்டத்தின் கண்ணில் படாமல் ஒரு குடியிருப்பையே பனியால் மூடி நிறுத்திவிடுகிறான். நடுவில் இருக்கும் நான்காம் அத்தியாயம் அவனுடைய காதலைப் பற்றியது.

கோயம்புத்தூரில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். இப்போது கொழிஞ்சாம்பாறையில், எங்கள் தென்னந்தோப்பை ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு, ஒரு சிறிய பதிப்பகத்துக்குக் கைப்பிரதிகளைப் படித்துத் தருகிறேன். நிருபர் அனுப்பும் செய்தியில் யார், எங்கே, எப்போது எல்லாம் இருந்து, எப்படி என்பது மட்டும் இல்லாவிட்டால் அதைத் திருப்பி அனுப்புவது எங்கள் மேசையின் வழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் ஐந்தாம் அத்தியாயத்தின் ஓரத்தில் 'எப்படி?' என்று எழுதினேன்.

பதிப்பாளருக்கும் அதே சந்தேகம். பனி வருகிற பக்கங்கள் எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தன. ஆனால் அந்தச் சக்திக்காக அவன் பாடுபட்டதாகத் தெரியவில்லை என்றார். "தாய் படுத்துட்டா, மகனுக்குச் சக்தி வந்திருச்சு, அடுத்த பக்கத்துல அவன் பெரிய ஆள். யார் நம்புவா? அவன் கத்துக்கிறதை நாலைந்து அத்தியாயம் எழுதித் தரச் சொல்லுங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லட்டும். இல்லேன்னா நான் போடலை."

தொலைபேசியில் மனைவியின் தங்கையிடம் சொன்னேன். "அம்மணி..." என்று ஆரம்பித்ததுமே அவள் குறுக்கிட்டாள்.

"அத்தான் அம்மணின்னு கூப்பிட்டா ஏதோ கெட்ட சேதி."

முழுதும் கேட்டாள். பிறகு, "அப்படின்னா வேண்டாம் அத்தான். திருப்பி வாங்கிருங்க" என்றாள். கோபம் இல்லாத குரல். தேயிலைத் தோட்டத்து வேலை முடிந்து வந்து, சமைத்து, அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அதற்குப் பிறகு கைப்பேசியில் தட்டித் தட்டி, வருடக்கணக்கில் எழுதிய புத்தகம் அது. நேரில் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். என் மனைவி பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு இரண்டு நாள் லீவு கிடைத்ததும், பொள்ளாச்சி, தேனி, கம்பம் வழியாக தங்கையும் அம்மாவும் இருக்கும் ஏலப்பாறைக்குக் கிளம்பினோம்.

காரில் என் மனைவி தங்கையின் கட்சி. "எனக்கு அந்தக் கதையில ஒரு தப்பும் தெரியலைங்க. சில பேருக்குச் சட்டுன்னு வரும். இவளே கொழுந்து எடுக்கப் போன மொத மழைக்காலத்துலயே எல்லாரும் காட்டுற எடையக் காட்டுனா. அம்மா போன்ல சொல்லிச்சு."

அந்த மழைக்காலத்தை அவள் அடிக்கடி சொல்வாள். அதன் பின்னணி எனக்குத் தெரியும். தோட்டத்தில் லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் குடியிருக்க வேண்டுமானால், அந்த வீட்டில் ஒருவராவது வேலைக்காரராக இருக்க வேண்டும். ஓய்வு பெறுகிறவர் தன் வேலையைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பார். பேர் மாற்றிக் கொடுப்பது என்பார்கள். என் மாமனார் முன்பே இறந்துவிட்டார். மாமியாருக்கு முழங்கால் போனபோது என் மனைவி கோயம்புத்தூரில் நர்ஸிங் கடைசி வருடம். தங்கை கல்லூரியில் தமிழ் இலக்கியம் இரண்டாம் வருடம். மூத்தவள் படிப்பை முடிக்கட்டும் என்று இளையவள் திரும்பி வந்து அம்மாவின் பேரை வாங்கிக்கொண்டாள். வீடு தப்பித்தது.

நாவலிலும் அப்படித்தான். பனியைக் கட்டி நிறுத்தும் தாய்க்கு உடம்பு முடியாமல் போகிறது. சக்தி மகனுக்கு மாறுகிறது. பதிப்பாளருக்கு அது ஓசியில் கிடைத்த வரம். ஏலப்பாறையில் பிறந்த ஒருவருக்கு அதில் கேட்க ஒன்றுமே இல்லை.

நானும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். நம் பழைய கதைகளில் தவம் ஒரே வரியில் முடிந்துவிடும். காட்டுக்குப் போனான், பல்லாண்டு தவம் செய்தான், வரம் பெற்றான். அதை யாரும் குறை சொன்னதில்லை. அப்படியென்றால் வேகம் என்னை உறுத்தவில்லை. அந்த ஒரு வரியாவது வேண்டும் என்றுதான் மனம் கேட்கிறது. தவம் செய்தவனைப் புற்று மூடியதை யாரோ ஒருவர் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பையனைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. லயத்தின் தகரக் கூரையில் சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. மாமியார் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தங்கை பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி அவித்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாயில் அரைத்த சம்மந்தித் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நிலைப்படியில் உட்கார்ந்தார். அக்காளும் தங்கையும் அவரைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். இன்னும் வேலைக்குப் போகிறவர். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி.

"என்னடி, ஒம் புத்தகத்த ஒங்க அத்தானே பாஸ் பண்ணலையாமே?"

"அவரு பாஸ் பண்ணிட்டாரு சித்தி. மேல உள்ளவரு பண்ணல."

"எங்கயும் இதே கததான்" என்று சித்தி கிழங்கைப் பிட்டார். "அப்படி என்னதான் எழுதுன?"

தங்கை சாயாவை ஆற்றத் தொடங்கினாள். நான் கதையைச் சுருக்கிச் சொன்னேன். சித்தி கவனமாகக் கேட்டார். யானை வந்தபோது மெல்லுவதைக்கூட நிறுத்தினார்.

"கத நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு அத்தியாயத்துல பெர்மனென்ட் ஆயிட்டானா? நான் எம்புட்டு வருசம் டெம்பரவரியாக் கெடந்தேன். எனக்குப் பனியும் வரல, ஒரு மண்ணும் வரல."

எல்லோரும் சிரித்தோம். தங்கையும் சிரித்தாள். என் மனைவிதான் விடவில்லை.

"ஏன் சித்தி, இவளுக்கு வரலையா? காலேஜ்ல இருந்து நேரா வந்து கொழுந்து வெட்டுற கத்திரியப் பிடிச்சவ. மொத மழையிலயே எல்லார் எடையும் காட்டலையா?"

சித்தி மாமியாரைப் பார்த்தார். மாமியார் தன் டம்ளரைப் பார்த்தார்.

"சித்தி, கெழங்கு ஆறுது" என்றாள் தங்கை.

மாமியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏட்டி, இவளா எடை காட்டுனா? இவ கத்திரிய ஆழமா விட்டு முத்தின இலையால்ல வெட்டிக்கிட்டு வந்தா. அதப் பொறுக்கித் தள்ளிட்டா மூட்டையில என்ன மிஞ்சும்? இந்தா உக்காந்திருக்காளே இவ ஒரு பக்கம், இப்ப ஊருக்குப் போயிட்டாளே அவ ஒரு பக்கம். எடை போடுற கொட்டகைக்குப் போற வழியில ஆளுக்கு ரெண்டு அள்ளு இவ மூட்டையில போடுவாளுவ. அதுல காட்டுன எடைட்டி அது."

"கத்தாத" என்றார் சித்தி, வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தபடி. "சூப்பர்வைசர் காதுல விழுந்து வைக்கப் போவுது."

"அந்த ஆளு ரிட்டயர் ஆயிப் போயி எந்தக் காலம்!"

"அவரு போனா என்ன, வேற ஆளு வரலையா?"

தேயிலைச் செடிகளின் வரிசைக்கு நிரை என்று பேர். காலையில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். ஒருத்தி எடுத்த கொழுந்தை இன்னொருத்தி பேரில் நிறுப்பது தெரிந்தால் இரண்டு பேருக்கும் கேடு. புதிதாக வருகிறவள் எடை காட்டாவிட்டால் அவளுடைய வேலைக்கே கேடு. அதனால் பக்கத்து நிரைக்காரர்கள் போடுவார்கள். போட்டதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள், வாங்கிக்கொண்டவளும் விடமாட்டாள். அந்தச் சூப்பர்வைசர் போய், கத்திரி பிடித்த கை நன்றாகப் பழகி, எல்லாம் பழங்கதையான பிறகும் சித்தி வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

என் மனைவி சிரிக்கவில்லை. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வந்திருப்ப" என்றாள் தங்கை. "ஒனக்குப் பரீட்சை இருந்துச்சு."

சாரல் நின்றிருந்தது.  மாமியார், தான் அதிகம் பேசிவிட்டோமோ என்பதுபோல முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தொலைபேசியில் மூத்த மகளிடம் அந்தப் பொய்யைச் சொன்னதும் அவர்தான். மகள் நிம்மதியாகப் பரீட்சை எழுதட்டும் என்று சொன்ன பொய். மகள் அதை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தாள்.

நான் தங்கையிடம் கேட்டேன். "கதையில அவங்க ரெண்டு பேரும் ஏன் இல்லை, அம்மணி?"

"யாரு?"

"பக்கத்து நிரைக்காரங்க."

அவள் யோசித்தாள். "தெரியல அத்தான். அவன் கத்துக்கிற எடத்துக்கு வந்ததும் கை நின்னுரும். எழுதலாமான்னு இருக்கும். அப்புறம் அங்க காதல வச்சிட்டேன்."

"அதான் அந்தக் காதல் வெளங்கல" என்றார் சித்தி, கதையை ஐந்து நிமிடம் கேட்டவர்.

கற்பனையான ஒரு மலை, கற்பனையான ஒரு பையன். ஆனால் எழுதியவளுக்குச் சூப்பர்வைசர் அங்கேயும் நின்றுகொண்டிருந்திருக்கிறார். செய்தி மேசையில், தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக, நல்ல செய்தியின் பாதியை நாங்களே வெட்டி எறிந்ததுண்டு. மிச்சத்தை மறுநாள் படிக்கிறவர்களுக்கு அதில் ஒரு ஓட்டை தெரியும். என்ன ஓட்டை என்று தெரியாது. நான் ஓரத்தில் எழுதிய 'எப்படி?' அந்த மாதிரி ஓட்டைக்குள் விழுந்த கேள்வி. பையன் சீக்கிரம் கற்றுக்கொண்டான் என்று நாங்கள் குறை சொன்னோம். அவன் கற்றுக்கொள்வதற்கு முன்பே அவன் பேரில் பனியை நிறுத்தியவர்களைத்தான் அவள் மறைத்திருந்தாள்.

"எழுதட்டுமா சித்தி?" என்று தங்கை கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

சித்தி உடனே சரி என்று சொல்லவில்லை. "பேரு போடுவியா?"

"போடமாட்டேன்."

"தோட்டத்துப் பேரு?"

"அது ஏதோ ஒரு மலை சித்தி. யானை, பனின்னு. தேயிலையே வராது."

"ஊருக்குப் போனவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ. அவளும் போட்டால்ல." எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த கிழங்குத் துணுக்கைத் தட்டினார். "ஆனா அள்ளுனதுல எங் கைதான் பெருசுன்னு எழுது. அவ கை சின்னது. அள்ளு நெறையாது."

ஊருக்குப் போனவரிடம் தங்கை அன்றே பேசினாள். அவரும் சம்மதம் சொன்னாராம், தன் கைதான் பெரியது என்ற திருத்தத்தோடு.

திரும்பி வரும்போது கம்பம் தாண்டும்வரை என் மனைவி தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு, "முத்தின இலைய வெட்டுனா கை ரொம்ப வலிக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

மாசக் கடைசிக்கு முன்பே பக்கங்கள் வந்துவிட்டன. பதிப்பாளர் கேட்டது நாலைந்து அத்தியாயம். அவள் அனுப்பியது ஆறு பக்கம். நான்காம் அத்தியாயத்தில் காதல் பாதியாகக் குறைந்திருந்தது. தாய் படுத்த பிறகு பையன் சரிவில் நின்று கையை உயர்த்துகிறான். பனி வருகிறது. தன் கைக்குத்தான் வருகிறது என்று நம்புகிறான், ஊரும் நம்புகிறது. ஒரு விடியலில், பனி விலகும்போது, சரிவின் இரண்டு ஓரத்திலும் இரண்டு பெண்கள் தலைமயிர் நனைந்து நிற்பதைப் பார்த்துவிடுகிறான். அவர்களுடைய கைகள் அப்போதுதான் கீழே இறங்குகின்றன. ஒருத்தியின் கை பெரியது. இன்னொருத்தியின் கையும் பெரியது. மறுநாள் அவர்களை வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு தனியாக நிற்கிறான். அன்றைக்கு வருகிற பனி ஒரு வீட்டை மூடத்தான் போதுமாக இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. யானைகள் வருகின்றன, அவன் கையைத் தூக்குகிறான். இப்போது படிக்கும்போது, அந்தப் பனியில் எவ்வளவு அவனுடையது என்று தெரியவில்லை. தெரியவேண்டும் என்றும் தோன்றவில்லை. என் 'எப்படி?'யை அடித்தேன். பதிப்பாளர் படித்துவிட்டு, அச்சுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்.

மனைவி அந்த ஆறு பக்கத்தை டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன், யூனிஃபார்மில், நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் தங்கையைக் கூப்பிட்டாள். தலையைப் பின்னிக்கொண்டே பேச வேண்டியிருந்ததால் கைப்பேசி மேசைமேல் இருந்தது. எனக்கும் கேட்டது.

"படிச்சேன்டி."

"ம்."

"அன்னைக்குச் சொன்னியே. நெசமாவே நான் வந்திருப்பேன்னா நெனச்ச?"

 அந்தப் பக்கம், காலை வருகைப் பதிவான மஸ்டருக்குப் போகிற பெண்களின் பேச்சு கேட்டது.

"வந்திருப்பக்கா" என்றாள் தங்கை. "வந்து, ரெண்டே நாள்ல முத்தின இலையா வெட்டிக் குவிச்சிருப்ப. ஒம் மூட்டைக்கும் சேத்து சித்தி எங்க போயி அள்ளுவாங்க?"

என் மனைவி சிரித்தாள். பின்னல் பாதியில் அவிழ்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள், பஸ்ஸுக்கு நேரமாகியும்.