அம்மாவுக்குச் சேர்த்த சத்தங்கள்

அம்மா குவைத்துக்குப் போய் நாலு வருடம் முடியப்போகிற சமயத்தில், மட்டக்களப்பு நகரத்தின் சத்தங்களையெல்லாம் ஒரே நாளில் பிடித்து அவருக்கு அனுப்பிவிடுவதென்று நான் தீர்மானித்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

யோசனை அம்மாவிடமிருந்துதான் வந்தது. அங்கே ஒரு வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் அப்பாவின் போனுக்கு எடுப்பார். அப்பா வயலைப் பற்றிச் சொல்வார், நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்வேன், பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஒருநாள் அவர் சொன்னார்: “இஞ்ச ஏசி இரையிறதத் தவிர ஒண்டும் கேக்காது மகள். நம்மட டவுனுக்குள்ள ஒருக்கா நடந்தா எத்தின பாட்டு!” கல்யாணத்துக்கு முன் அம்மா டவுனில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தவர்.

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை வாய்த்தது. டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்த சித்தி எங்களைக் கூட்டிப்போகச் சம்மதித்தார். எங்கள் என்றால் நான், பக்கத்து வீட்டு மதுரா, எங்கள் வகுப்பு கஜன். அப்பா தன் போனை என் கையில் வைத்து, வைத்த பிறகும் சிறிது நேரம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பழுகாமத்திலிருந்து பஸ் புறப்படும் முன்பே கஜன் அதை என்னிடமிருந்து வாங்கிவிட்டான். ஒலிப்பதிவுக்குத் தானே பொறுப்பு என்றான். களுவாஞ்சிகுடியில் கொண்டக்டர் ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் கூவியதுதான் எங்கள் முதல் பதிவு.

நாலு மணிக்குக் கடை வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்லிச் சித்தி எங்களை விட்டார். அதற்குப் பிறகு அந்த நகரம் எங்களை நிற்கவிடவில்லை. சுடச்சுடப் பாண் விற்கும் ஓட்டோ தன் மெட்டை இசைத்துக்கொண்டு போனது. அதன் பின்னால் ஓடினோம். ஒரு பள்ளிக்கூட மதிலுக்கு அப்பால் பாண்ட் வாத்தியம் பழகினார்கள்; கஜன் மதிலில் ஏறிப் போனை நீட்டினான். கோயிலொன்றில் நாதஸ்வரம். தேவாலயத்தில் பாட்டுக்குழு ஒரே வரியை ஏழெட்டுத் தரம் பாடி, கடைசித் தரமும் அதே இடத்தில் பிழைவிட்டது. எல்லாவற்றையும் பதிந்தோம், பிழையோடு.

போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கியர் வீட்டில் கல்யாணத்துக்கு ஒத்திகை நடந்தது. வயலினும் கிற்றாரும் சேர்ந்து எங்கள் கால்களை ஆட்டின. கேற்றுக்கு வெளியே நின்ற எங்களைக் கவுன் போட்ட ஒரு பெரிய அன்ரி கண்டுவிட்டார்.

“களவாவா பதியிறீங்க? உள்ளுக்கு வாங்க!”

கேக் தந்தார். எங்களையும் ஆடவைத்தார். அவர்கள் பாடியது பழைய போர்த்துக்கேயப் பாட்டாம். அதற்கு என்ன அர்த்தம் என்று மதுரா கேட்டாள்.

“பாதி எனக்கும் விளங்காது மகள். ஆடத் தெரிஞ்சாக் காணும்,” என்றார் அவர். சத்தங்கள் யாருக்குப் போகின்றன என்று தெரிந்ததும் போனை வாங்கி வாயருகே வைத்து, “தங்கச்சி, உங்கட புள்ளைகள் என்ட வீட்டில நல்லா ஆடுதுகள். நீங்க யோசிக்காதீங்க,” என்று சொன்னார்.

மிச்சமிருந்தது மீன் பாட்டு மட்டும். வாவியில் மீன் பாடும் என்று எல்லோரும் சொல்வார்கள், கேட்டவர்கள் குறைவு. கல்லடிப் பாலத்தடியில் ஒரு தோணிக்காரர் வலை உதறிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் எந்த மீன் பாடும் என்று சிரித்தார். ஆனாலும் எங்கள் முகங்களைப் பார்த்து, எங்களை ஏற்றிக்கொண்டு தோணியைத் தள்ளினார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைக்கச் சொன்னார். எனக்கு ஏதோ கேட்டமாதிரி இருந்தது. கஜனிடமிருந்து போனைப் பறித்துத் துடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். தோணி ஒருபக்கம் சரிந்தது. போன் சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போனது.

தோணிக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தார். மூன்று தரம் மூழ்கினார். மூன்று தரமும் கை நிறையச் சேறுதான் வந்தது. நான் அழுத அழுகையைப் பார்த்து, “அழாத மகள். இனி மீனெல்லாம் நீ பிடிச்ச பாட்டத்தான் பாடும்,” என்றார். அப்போது அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அப்பாவின் போன் வேலை செய்யாததால் அம்மா அன்று சித்தியின் போனுக்கு எடுத்தார். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். சித்தி போனை என்னிடம் நீட்டினார்.

“அம்மா, போன் ஆத்துக்குள்ள விழுந்திட்டு.”

“நீ விழல்லத்தானே?”

“இல்ல.”

“அப்பக் காணும். என்னத்தப் பதிஞ்ச நீ?”

எனக்கு விம்மல்தான் வந்தது. கஜன் ஸ்பீக்கரைப் போட்டு, ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் கூவினான். பஸ் ஏற நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மதுரா பாண் ஓட்டோவின் மெட்டைப் பாடினாள். எனக்கும் வீறாப்பு வந்தது. தேவாலயப் பாட்டை அதே இடத்தில் பிழைவிட்டுப் பாடினேன். அம்மா சிரிப்பது கேட்டது. அங்கே அவரோடு வேலை செய்யும் பெண்களும் சிரித்தார்கள். பக்கத்தில் கச்சான் கடலை விற்ற காத்தான்குடி நாநா ஒருவர் தன் தகரத்தில் தாளம் தட்ட ஆரம்பித்தார்.

“இப்பப் பாடினது மதுராதானே?” என்று அம்மா கேட்டார்.

“இல்ல!” என்று மூவரும் கத்தினோம். பாடியது நான். நல்ல விளையாட்டு அகப்பட்டுவிட்டது. அடுத்து மதுரா பறங்கிப் பாட்டை வாய்க்கு வந்த சொற்களால் பாடினாள்.

“இது என்ட மகள்,” என்றார் அம்மா.

“பிழை!”

அம்மா உடனே, வேலை வந்துவிட்டது, வைக்கிறேன் என்றார்.

மூன்று மாதத்தில் அம்மா திரும்பி வந்தார். போனைத் தொலைத்ததற்கு அடிக்கத்தான் வருகிறார் என்று நம்பி நான் மதுரா வீட்டில் ஒளிந்துகொண்டேன். அவர் என்னைத் தேடிப்பிடித்து, ஏதாவது கதை மகள், கதைத்துக்கொண்டேயிரு என்றார். அடி விழாததே பெரிய அதிசயமாகப்பட்டது எனக்கு.

பல வருடம் கழித்து, வேலை கிடைத்து நான் கொழும்புக்குப் புறப்பட்ட வாரத்தில்தான் அம்மா அதைச் சொன்னார். “இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கப்போறன் எண்டு சொல்லத்தான் அண்டைக்குச் சித்திட போனுக்கு எடுத்தன். பெத்த புள்ளட குரல் தெரியாமப் போச்சு, புள்ள. ரெண்டு தரம்.”

அந்தப் பின்னேரத்துக்கும், அன்று எங்களுக்குக் கதவு திறந்த, தண்ணீரில் குதித்த, தாளம் தட்டிய எல்லோருக்கும் நான் நன்றி சொல்லாத வெள்ளிக்கிழமை இல்லை. ஆனால் அந்த நேரத்தில், பஸ் ஸ்டாண்டின் நடுவில், அம்மா தோற்றுவிட்டார் என்று நாங்கள் மூவரும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.