சுவிட்ச் இல்லாத இடம்

அண்ணாவின் காரில் கியருக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவில் ஒரு கறுப்பு மூடி இருந்தது. பார்வைக்குச் சுவிட்ச் மாதிரியே இருக்கும். அழுத்தினால் உள்ளே போகாது. டொப் மொடலில் அந்த இடத்தில் சீட்டைச் சூடாக்குகிற சுவிட்ச் வரும். அடி மொடல் வாங்குகிறவனுக்கு வெறும் மூடிதான். போன மாதம் கொழும்பில் காலி வீதியிலுள்ள ஒரு ஷோரூமுக்குப் போய், சின்ன மின்சார ஜீப் ஒன்றின் அடி மொடலுக்குள் ஏறி உட்கார்ந்தபோது, அதே இடத்தில் அதே மாதிரி ஒரு மூடியைக் கண்டேன். உலகம் பெற்றோலை விட்டுப் பற்றரிக்கு வந்துவிட்டது, இந்த மூடியை மட்டும் விடவில்லை. கை தானாகப் போய் அதன்மேல் நின்றது.

இந்த அலைச்சல் எல்லாம் என் மனைவிக்காகத்தான். லிஃப்ட் பழுதான ஒரு நாள், எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் படிகளில் விழுந்து இடுப்பை நாசமாக்கிக்கொண்டாள். கொட்டாஞ்சேனையில் படுக்கையாகக் கிடக்கிற தன் அக்காவைப் பார்த்து எட்டு மாதமாகிவிட்டது. ஓட்டோவின் குலுக்கலை இடுப்பு தாங்காது. எங்களிடம் வந்திருந்த அண்ணாவின் அந்தப் பழைய காரின் பதிந்த சீட்டில் உட்கார்ந்தால் எழும்ப முடியாது. உயரமான சீட் வேண்டும், முதுகுக்குச் சூடு பட்டால் நல்லது என்று பிசியோதெரபி செய்கிற பெண் சொல்லியிருந்தாள். நானோ மூன்று கிழமையாக மூன்று மொடல்களின் வித்தியாசங்களைப் படித்துப் படித்துக் களைத்துப்போயிருந்தேன். டொப் மொடலில் முன் சீட் உயரும், சூடாகும். நடு மொடலில் கூரைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், சுற்றிவரக் கமரா வைத்திருக்கிறார்கள், சீட்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அடி மொடலில் ஒரு கோதாரியும் இல்லை, ஓடும். இப்படியெல்லாம் பிரித்து வைத்தவனுக்கு ஒரு நாளாவது இடுப்பு வலி வந்திராது.

அண்ணா எதிலும் அடி மொடல்தான். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், பல்கனி இல்லாத ஃபிளாட், பட்டன் ஃபோன். கஞ்சத்தனம் என்று சொந்தக்காரர் சொல்வார்கள்; அது அல்ல. வேலைக்குச் சேர்ந்து அவர் ஆசை ஆசையாக வாங்கிய முதல் கார், சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாதபடி, தமிழர் வீடுகளைத் தேடி எரித்த எண்பத்துமூன்றுக் கலவரத்தில் வீட்டு வாசலில் எரிந்தது. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்த சின்னப் பெடியன், கேள்விப்பட்டதோடு சரி. அதற்குப் பிறகு கொழும்பில் நாற்பது வருஷம் இருந்தும், அவர் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்கவில்லை. வீட்டு உறுதிப் பத்திரமும் சேர்ட்டிஃபிக்கட்டுகளும் ஒரு பையில் கதவுக்குப் பின்னால் தொங்கின. “அண்ணா, பஸ்ஸுக்கோ நிக்கிறியள்?” என்று பகிடி பண்ணுவேன். “விட்டிட்டு ஓடேக்க மனசு நோகக் கூடாது, தம்பி” என்பார். சீட் சூடாக்குகிற கதை வந்தால் மட்டும் குஷியாகிவிடுவார். “இந்தக் கொழும்பு வெயிலுக்குச் சீட்டைச் சூடாக்கி என்ன செய்யிறது? பிட்டு அவிக்கிறதோ?” காரில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி, தானே முதலில் சிரிப்பார். நாங்களும் சிரித்துத்தான் இருக்கிறோம்.

அந்தக் காரில்தான் கடைசி மாதங்களில் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினேன். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய நாட்களில் அவருக்கு நட்ட நடு மத்தியானத்திலும் குளிரும். ஏசியை நிற்பாட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கார் ஓடுவேன். எனக்குச் சேர்ட் தோய்ந்து ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் அவர் ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டு, அண்ணியின் சால்வையையும் போர்த்திக்கொண்டு நடுங்குவார். ஒரு நாள் பம்பலப்பிட்டிச் சந்தியில் வாகனங்கள் அசையாமல் நின்றபோது, அவருடைய பெருவிரல் அந்த மூடியைத் தடவிக்கொண்டிருந்ததைக் கண்டேன். “தம்பி, இதில என்ன வாறது?” என்றார். அவருக்குத் தெரியாததல்ல. “சீட் சூடாக்கிற சுவிட்ச், அண்ணா” என்றேன். “ஓமென்ன” என்றார். பிட்டுக் கதை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ரோட்டைப் பார்த்தபடி, “எடுத்திருக்கலாம்” என்றார். அவர் எதற்காகவும் வருத்தப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான். ஏதாவது சொல்லியிருக்கலாம், கையையாவது பிடித்திருக்கலாம். பச்சை விழுந்தது, கியரைப் போட்டேன். ஆறு கிழமையில் போய்விட்டார். அண்ணி மகளோடு கனடாவுக்குப் போக, கார் என்னிடம் வந்தது.

ஷோரூமில் எங்களைக் கவனித்த பெண் கொட்டாஞ்சேனைக்காரி, நல்ல பிள்ளை. “சீட் ஹீட்டர் டொப்ல மட்டும்தான் சேர் வருது. ஆனா கொழும்புல யாரு அதப் போடப்போறாங்க? பேசாம இதையே எடுங்க” என்றாள். நான் வாயைத் திறந்தேன். “இது காணும், இதுவே போதும். ஓடினாச் சரிதானே” என்று வந்தது. குரல்கூட அண்ணாவின் குரல் மாதிரித்தான் இருந்தது. உட்கார முடியாமல் கைத்தடியை ஊன்றி நின்ற மனைவி என்னைப் பார்த்தாள். சத்தம் போடுகிற ஆள் அல்ல அவள். “இஞ்சேருங்கோ, உங்கட அண்ணா தன்ர கார் எரிஞ்சதைக் கண்டவர். அவர் பயந்தார், சரி. நீங்கள் என்னத்தைக் கண்டனீங்கள்?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முன்பின் தெரியாத பிள்ளைக்கு முன்னால் இப்படியா கேட்பது? மூடியில் இருந்த விரலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இறங்கி, வண்டியைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வரும்போதுதான் அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது தெரிந்தது. கார் எரிந்ததை நான் காணவில்லை. அவர் நடுங்கினதைக் கண்டேன். டொப் மொடலுக்கே எழுதச் சொன்னேன்.

போன சனிக்கிழமை, புதுக் காரின் சில்லுக்கடியில் தேசிக்காயை நசுக்கி, தேங்காய் உடைத்து, அவளைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போனேன். சீட்டை ஏற்றி, சூட்டையும் போட்டுவிட்டேன். கோட்டை தாண்டுவதற்குள், “சூடு காணும், குறையுங்கோவன்” என்று சிரித்தாள். அக்காவும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழத் தொடங்க, பின்னேரம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

திரும்பும்போது மத்தியான வெயில் உச்சியைப் பிளந்தது. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விழுந்து நின்றேன். பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. விரல் பழைய இடத்தைத் தேடிப் போனது. அழுத்தினேன், உள்ளே போனது, சின்னதாக ஒரு வெளிச்சம் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெறும் சீட்டில் கையை வைத்துப் பார்த்தேன். சீட் நன்றாகச் சூடேறியிருந்தது. வெள்ளவத்தை வரும்வரை நான் அதை நிற்பாட்டவில்லை.